எம்.பி. வந்து போனார், வெள்ளம் போகவில்லை

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு எம்.பி. குறை கேட்க வந்தார். மாரி வந்தால் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கிறதென்று சொன்னோம், கூட வந்த பெடியன் கொப்பியில் எழுதினான். அடுத்த மாரியும் வந்துவிட்டது, வெள்ளம் அதே இடத்தில் நிற்கிறது. பிறகு ஏன் வந்தவர்?
- வாசகி, கோப்பாய்

பதில்: வந்ததில் பிழையில்லை, நீங்கள் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் ஒழுங்கை அவருடைய கையில் இல்லை. கண்டி வீதி மாதிரி ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன, அதாவது கொழும்பிடம். சி, டி தரம் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். உங்கள் ஒழுங்கை, அதன் மதகு, வாய்க்கால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் பெரும்பாலும் பிரதேச சபையின் தலையில். 2025 மே மாதம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தோமே, அந்த உறுப்பினரின் படலையைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

அதற்காக எம்.பி.யைச் சும்மா விடச் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் நடக்கும், பிறகு மாவட்ட மட்டத்தில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் நடக்கும். சபை, திணைக்களம், விவசாயம், மின்சாரம் என்று எல்லா அதிகாரிகளும் ஒரே மேசையில் இருப்பது அங்கேதான், எம்.பி.யும் அங்கே இருப்பார். “எங்கள் வெள்ளத்தைப் பாருங்கோ” என்று வாயால் சொல்லிவிடாமல், கிராம அலுவலர் பிரிவின் பெயர், ஒழுங்கையின் பெயர், அடைபட்ட மதகு எந்த இடத்தில், எத்தனை வீட்டுக்குப் பாதிப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, இதை அடுத்த கூட்டத்தில் எடுப்பீர்களா என்று கேளுங்கள். ஒரு பிரதியில் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். சபை மௌனம் காத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். விதானையார், அதாவது கிராம அலுவலர், தெரிந்தவர் என்றால் அவரிடமும் ஒரு பிரதி போகட்டும், கெட்டுப்போகாது.

இன்னொன்று. எங்கள் ஊர் வாசிகசாலைக்கு ஒருவர் வந்தபோது மாலை, பொன்னாடை, வரவேற்புரை என்று முதல் 40 நிமிடமும் போனது. வரவேற்புரை சொன்ன வாத்தியார் எம்.பி.யின் பரம்பரையைச் சொல்லி முடிக்கையில், மீன் விற்றுவிட்டு வந்து நின்ற அம்மா எழும்பிப் போய்விட்டார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

கேள்வி: யாழ்ப்பாணத்துக்கு ஆறு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். இதில் எங்கள் எம்.பி. யார்?
- முதல்தரம் வாக்குப் போட்ட ஒருவர், பருத்தித்துறை

பதில்: ஆறு பேரும்தான் தம்பி, அதுதான் சிக்கலே. 1977 தேர்தல் வரைக்கும் தொகுதிக்கு ஒரு எம்.பி. இருந்தார், நல்லவரோ கெட்டவரோ, திட்டுவதற்கு ஒரு ஆள். பிறகு விகிதாசாரத் தேர்தல் முறை வந்து யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமானது. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்ற பழைய 11 தொகுதிகளும் இப்போது வாக்கெண்ணும் கணக்குக்கு மட்டும்தான். கட்சிப் பட்டியலில் ஆளைப் பார்த்துப் போடுகிற விருப்பு வாக்கு எங்கே விழுந்ததோ அங்கே அடிக்கடி போவது மனித சுபாவம். 2010இல் 9 ஆசனம் இருந்தது, 2024இல் 6. வாக்காளர் தொகையை வைத்துத்தான் ஆசனத்தைப் பிரிக்கிறார்கள், சனம் வெளிநாடு போகப் போக ஆசனமும் போகிறது. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு மாகாண சபை உறுப்பினர் என்றும் ஆளில்லை, ஆகவே அவர்கள் கேட்க வேண்டியதையும் இந்த ஆறு பேரே கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் அயோவா செனட்டர் சக் கிராஸ்லி வருடாவருடம் மாநிலத்தின் 99 கவுண்டிகளுக்கும் போய்ச் சனத்தின் கேள்விக்குப் பதில் சொல்கிறாராம். எங்களவர்களுக்கு என்ன கேடு?
- வாசகர், ரொறன்ரோ

பதில்: உண்மைதான், 1981இலிருந்து செனட்டராக இருக்கிறார், அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டதில்லை. அந்த அரசியல் உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, எந்த ஊரை விட்டார் என்று எண்ணிப் பார்க்க முடிகிறது பாருங்கள், அதுதான் விஷயம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 15தான். வருடத்துக்கு 15 நாள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகிற நாட்களை எண்ணினால் அதைவிடக் கூட வரும்.

கேள்வி: நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் அடுத்த படகிலேயே திரும்பிவிடுகிறார்கள்.
- வாசகர், நெடுந்தீவு

பதில்: ஒரு இரவு தங்கச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு நின்றுபோன நாளாக இருந்தால் இன்னும் நல்லது, நோயாளியை எப்படிக் கொண்டுபோவது என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: இந்திய இழுவைப் படகுப் பிரச்சினையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எம்.பி.யிடம் சொல்லி என்ன பிரயோசனம்?
- கடற்றொழிலாளி, குருநகர்

பதில்: ஒழுங்கை வெள்ளம் மாதிரி இல்லை அண்ணை, இது அவருடைய வேலையேதான். கடலடியை வாரும் வலையான இழுவைமடியைத் தடைசெய்து 2017இல் சட்டத்தைத் திருத்தியது பாராளுமன்றம்தான். பிடிபட்ட படகு எத்தனை, வழக்கு என்ன ஆனது, வலை அறுந்தவனுக்கு நட்டஈடு உண்டா என்று அமைச்சரிடம் வாய்மூலக் கேள்வி கேட்டால் பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும். கரைக்கு வருகிறவரிடம் அழாதீர்கள், அறுந்த வலையின் படத்தையும் திகதியையும் கொடுத்து, எப்போது கேட்பீர்கள் என்று கேளுங்கள். திகதி சொல்லத் தயங்கினால் அவரைப் பற்றி ஒன்று தெரிந்துவிடும்.

கேள்வி: குறை கேட்க வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுக்கலாமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: தாராளமாக. ஆனால் எங்கள் ஊர்க் கூட்டங்களில் தேத்தண்ணித் தட்டு வந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். கடைசி ஆள் கதைத்து முடித்த பிறகு கேத்திலை அடுப்பில் வையுங்கள்.