வாசகர் கேள்வி பதில்: சைக்கிளில் போகிறவருக்கு ரோடு இல்லையா?

போன இதழில், மதுரை சிம்மக்கல்லில் டீ கேன் கட்டிக்கொண்டு போன சைக்கிள்காரரை ஒருவர் காரை நிறுத்தி இறங்கி அடிக்கப் போனதை நேரில் பார்த்து நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சைக்கிள்காரர்கள் பக்கம், பாதி அவர்களைத் திட்டி. இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

வாசகி, அனுப்பானடி: என் அப்பாவுக்கு 61 வயது. காளவாசல் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். இருபது வருடமாக சைக்கிள்தான். போன வாரம் காமராஜர் சாலையில் பின்னால் வந்த ஒரு பைக்காரர் விடாமல் ஹாரன் அடித்து, முந்தும்போது கேரியரைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு, "ரோடு டாக்ஸ் கட்டுறியா பெருசு? ஓரமாப் போ" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். அப்பா கீழே விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து சைக்கிளைத் தொட மாட்டேன் என்கிறார். நைட் டூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு பஸ்ஸும் சரியாகக் கிடைப்பதில்லை. சட்டப்படி சைக்கிள் மெயின் ரோட்டில் போகலாமா, கூடாதா?

பதில்: போகலாம். தாராளமாகப் போகலாம். இதை அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இன்ஜின், மோட்டார் வைத்து ஓடும் வண்டிகளுக்கானது. சைக்கிள் அதில் வராது. அதனால்தான் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் அதற்குக் கிடையாது. சட்டத்தில் வரவில்லை என்றால் ரோட்டில் உரிமை இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், விஷயம் நேர் எதிர். வண்டி ஓட்டுகிறவர்களுக்காக மத்திய அரசு 2017ல் கொண்டுவந்த விதிகளில், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்கள் விஷயத்தில் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. உங்கள் அப்பா அதில் இரண்டு வகையில் வருகிறார். கவனமாக இருக்க வேண்டிய கடமை அந்த பைக்காரருடையது.

டாக்ஸ் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரும் ஆயுதமாக எடுக்கிறார்கள். வண்டி வாங்கும்போது கட்டுகிற வரி மாநில அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது, அது ரோட்டுக்கு நாம் கொடுக்கும் வாடகை இல்லை. நம் தெரு ரோடுகளைப் போடுவது மாநகராட்சி. அதற்கு வருமானம் வீட்டு வரியும் அரசு தரும் பணமும். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகைக்குள் வைத்து அந்த வரியைக் கட்டுகிறார். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அவர் வாங்கும் சைக்கிளுக்கே 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம், அதற்குப் பிறகு 5 சதவீதம். சரி, ரோட்டைக் கெடுப்பது யார்? அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்பது ரோடு போடும் இன்ஜினியர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் சைக்கிளின் பங்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு இதில் மனசு கொதிப்பது எங்கே என்றால், கத்துகிறவர் யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்பதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு விலை உயர்ந்த சைக்கிளில் அழகர்கோவில் ரோட்டில் போகிறவரிடம் "ஏய், ஓரமாப் போ" என்று யாரும் சொல்வதை நான் கேட்டதில்லை. கைலி கட்டிய கொத்தனார், பூ மூட்டை வைத்த பெரியவர், வாட்ச்மேன், பேப்பர் போடும் பையன் இவர்களிடம்தான் அந்தக் குரல் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. அந்தப் பாதி நாட்டை நாம் "நடுவுல வந்து நிக்கிறவன்" என்று பேசுகிறோம்.

அப்பா மறுபடி ஏறும்போது ஒன்று சொல்லுங்கள்: ரோட்டின் விளிம்பை ஒட்டிப் போக வேண்டாம். அங்கேதான் மண், சாக்கடை மூடி, உடைந்த தார், நிறுத்திய கார்களின் கதவு எல்லாம் இருக்கிறது. பயந்து ஓரத்தில் போகிறவர்தான் சட்டென்று வலது பக்கம் வளைக்க வேண்டியிருக்கும், பின்னால் வருகிறவர் அங்கேதான் இடிப்பார். இடது பக்கமாகவே, விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, நேர்கோட்டில் போகட்டும். பிரிட்டனில் 2022ல் திருத்திய சாலை விதிகளில், சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விடுங்கள், அதிக வேகத்தில் போனால் இன்னும் கூடுதலாக விடுங்கள் என்று எண் போட்டே சொல்கிறார்கள். நம் ஊரில் கை நீட்டினால் தொடாத தூரமாவது விடலாம்.

எட்டித் தள்ளியது சாதாரண சண்டை இல்லை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி நடப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 125ஆம் பிரிவில் குற்றம். வண்டி நம்பர் பார்த்திருந்தால் புகார் கொடுங்கள். அந்த ரோட்டில் கடைகளின் கேமரா நிறைய இருக்கிறது.

வாசகர், கே.கே. நகர்: நீங்கள் சைக்கிள்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். ராத்திரி லைட் இல்லாமல், ராங் சைடில், ஒரு கையில் செல்போனோடு வருகிறார்கள். இடித்தால் கார்க்காரன் மேல் கேஸ். அவர்களுக்கும் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வைத்தால் என்ன?

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். லைட் இல்லாமல் வருவதும் ராங் சைடில் வருவதும் தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதைக் கேட்க இப்போதே சட்டம் இருக்கிறது. பொது வழியில் ஆபத்தாக வண்டி ஓட்டினால் தண்டனை என்று சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 281ஆம் பிரிவு "எந்த வாகனமாக இருந்தாலும்" என்றுதான் சொல்கிறது, சைக்கிளும் அதில் சேர்த்தி.

லைசென்ஸ் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வருடா வருடம் நகராட்சியில் சைக்கிளுக்குக் காசு கட்டி ஒரு வில்லை வாங்கி மாட்ட வேண்டும். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். பொழுது சாய்ந்த பிறகு டைனமோ எரியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். என் சித்தப்பா யானைக்கல்லிலிருந்து செல்லூர் வரைக்கும், ஏ.வி. பாலம் முழுக்க, காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ரோட்டில் பாதி சைக்கிள்தான், அதனால் சட்டமும் சைக்கிளைப் பார்த்தே போட்டார்கள். இப்போது கொண்டுவந்தால் மாட்டப் போவது யார்? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த வயதுக் கணக்கில் லைசென்ஸ் கொடுப்பீர்கள்? 300 ரூபாய் சம்பாதித்துவிட்டு வரும் சித்தாள் எந்த ஆபீஸ் வாசலில் அரை நாள் நிற்பார்?

இன்னொன்று. சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பைக் 45ல் வருகிறது என்றால் வேகம் மூன்று மடங்குதான், ஆனால் ஒரே எடை என்று வைத்தாலும் மோதும் வலு ஒன்பது மடங்கு. பைக்கின் எடையையும் சேர்த்தால் அதற்கும் மேல். லைசென்ஸும் இன்சூரன்ஸும் வைத்தது அந்த வலுவுக்காக. அதைச் சைக்கிளுக்கும் வைத்தால்தான் சமம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜப்பானில் 2024 நவம்பரிலிருந்து சைக்கிள் ஓட்டிக்கொண்டே போன் பார்த்தால் ஜெயில் வரைக்கும் போகலாம். அதை நான் எதிர்க்க மாட்டேன், அது செய்த தப்புக்குத் தண்டனை. சைக்கிள் வைத்திருப்பதையே தப்பாக்குவது வேறு.

ராங் சைடு பற்றியும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்டர் மீடியனை ஒரு கிலோமீட்டருக்கு அடைத்துவிட்டு, எதிரே தெரியும் டீக்கடைக்குப் போக இரண்டு கிலோமீட்டர் மிதித்துச் சுற்றி வா என்றால், கேனோடு வரும் மனிதர் என்ன செய்வார்? பெட்ரோலில் அது மூன்று நிமிடம். காலில் அது மூச்சு. நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டத் தெரிந்த நமக்கு, அதன் கீழே சைக்கிள் பத்திரமாகக் குறுக்கே கடக்க நல்ல இடைவெளிகள் விடவும் தெரிய வேண்டும்.

லைட்டுக்கு மட்டும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுச் சைக்கிளில் தரமான ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்று 2020லேயே மத்திய அரசு ஆணை போட்டது. பழைய சைக்கிளுக்குத்தான் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர் சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக் கொடுங்கள். ஒரு டீ, வடைக் காசு ஆகும்.

வாசகர், கீழமாசி வீதி: மாசி வீதிகளில் லோடு இறக்கவே இடமில்லை. சைக்கிளையாவது பகலில் தடை செய்யலாமே?

பதில்: கொல்கத்தாவில் செய்து பார்த்தார்கள். 2013ல் 174 ரோடுகளில் சைக்கிளுக்குத் தடை. வேலைக்குப் போகிறவர்களும் வியாபாரிகளும்தான் அபராதம் கட்டினார்கள், எதிர்ப்பு வந்து பிறகு ரோடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உங்கள் கடைக்குச் சரக்கு எடுக்க வருகிறவரில் எத்தனை பேர் சைக்கிள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இடத்தை அடைப்பது நாள் முழுக்க நிற்கும் காரும் பைக்கும்தான். பக்கத்தில் சித்திரை வீதிகளில் வண்டிகளை உள்ளே விடாமல் தடுத்தபோதும் வியாபாரம் போச்சு என்றார்கள், இப்போது அங்கே ஜனம் நிம்மதியாக நடக்கிறது.

வாசகர், ஒத்தக்கடை: என் மாமா சைக்கிளில் போகும்போது ஒரு வேன் இடித்துவிட்டது, தொடை எலும்பு முறிவு. "சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, லைட்டும் இல்லை, ஒரு பைசா வராது" என்கிறார்கள். நிஜமா?

பதில்: நிஜமில்லை, இதை நம்பித்தான் பல ஏழைக் குடும்பங்கள் கேஸே போடாமல் விட்டுவிடுகின்றன. இன்சூரன்ஸ் இருக்க வேண்டியது இடித்த வேனுக்கு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது, அது மாமா மாதிரி ஆட்களுக்காகவே வைத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். லைட் இல்லாததில் மாமா மேலும் தப்பு இருக்கிறது என்று தீர்ப்பாயம் நினைத்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும், அதற்காக முழுசாக மறுத்துவிடாது. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியில் கொடுத்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், அவர் வேலை செய்த இடத்தில் சம்பளத்துக்கு ஒரு கடிதம், இவற்றைப் பத்திரமாக வையுங்கள். சைக்கிளை உடனே ரிப்பேர் செய்துவிடாதீர்கள், வளைந்த ரிம்மோடு போட்டோ எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட்டிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவச சட்ட உதவி எண் 15100க்கும் பேசலாம். வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய், நம்பரும் தெரியாமல் போனாலும் அதே மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் கிடைக்கும், வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு 2021 டிசம்பரிலிருந்து தமிழக அரசின் திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. காசைப் புரட்டிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மாணவர், திருமங்கலம்: பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் வேண்டாம். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் அதற்கான சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு அம்மா, மேலூர் பக்கம்: பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஸ்கூலில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். பைக்கில் வரும் பையன்கள் உரசுகிற மாதிரி வந்து கத்திவிட்டுப் போகிறார்கள். அவள் அப்பா சைக்கிளை விற்றுவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: விற்காதீர்கள், அம்மா. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், பிள்ளையைக் கேரியரில் வைத்துக்கொண்டு போனவர்கள். அவர்களையும் கத்தித்தான் விரட்டப் பார்த்தார்கள். அரசு பெண் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு, 2001ல்.

உங்கள் மகள் தனியாகப் போக வேண்டாம், அதே ரோட்டில் வரும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரே நேரத்தில் கிளம்பட்டும். கத்துகிற பையன்களின் வண்டி நம்பரை எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் செய்வது 1998ஆம் வருட தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம், தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். முதல் ஒரு வாரம் அவள் அப்பாவும் தன் வண்டியில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே மெதுவாக வரட்டும்.