ரெசினில் மைக்கா பவுடர் அடியில் தங்காமல் இருக்க என்ன வழி?

ரெசினில் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்) வார்த்த கோஸ்டரில், அதாவது டம்ளர் வைக்கும் சிறு தட்டில், மினுமினுப்பு எல்லாம் அடியில் தங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பவுடர் மேல் தப்பில்லை. மைக்கா என்பது அப்பிரகப் பொடி. ரெசினில் கரையாது, ரெசினைவிடக் கனமும் கூட. கலவை தண்ணீராக இருக்கும்போதே ஊற்றினால் மெல்ல இறங்கிவிடும்.

100 கிராம் கலவைக்கு 2, 3 கிராம் பவுடர் போதும். முதலில் ரெசினில் மட்டும் கட்டியில்லாமல் குழைத்து, அப்புறம் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் சேருங்கள். உடனே ஊற்றாதீர்கள். குச்சியைத் தூக்கினால் பாகு மாதிரி மெல்லிய கம்பியாக இழுபட வேண்டும், அதுதான் பதம். சென்னை மே மாத மதியத்தில் இந்தப் பதம் சட்டென்று வந்து தாண்டிவிடும், பக்கத்திலேயே இருங்கள். ஐப்பசி மழையில் வேறு தொல்லை: ஈரக்காற்றால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், மங்கும். அடைத்த, உலர்ந்த அறையில் காயவிடுங்கள்.

பவுடர் டப்பாவைத் திறக்கும்போது மாஸ்க் கட்டாயம்.