அப்பத்தாவின் கை கால் திடீரென இறுகுவது ஏன்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. நான்கு மாதம் முன்பு இடது பக்கம் வாதம் வந்தது. துணிபோலத் தொங்கிய கை கால் பிறகு விறைத்துக்கொண்டது. இரண்டு நாளாக விறைப்பு மிக அதிகம். கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. கொட்டாவி விட்டால் அசைக்க வராத கை தானாக மேலே போகிறது. சிறுநீர் டியூப் போட்டிருக்கிறோம். விறைப்பைக் குறைக்கத் தரும் பேக்லோஃபென் மாத்திரையை இரட்டிப்பாக்கலாமா?

மருத்துவர் பதில்:

மறுபடி வாதம் வந்துவிட்டதோ என்பதுதானே உங்கள் பயம்? புது வாதம் சட்டென்று வரும். வாய் கோணும், பேச்சு குழறும், கை கால் தொய்ந்து விழும். அப்படி எது தெரிந்தாலும் உடனே 108. ஏற்கெனவே விறைத்திருந்த பக்கம் இரண்டு நாளில் இன்னும் இறுகுவது பெரும்பாலும் வேறு சங்கதி. உடம்பில் எங்கோ ஏதோ உறுத்துகிறது. வலியைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு, சொல்லப்போனால் வலியே உணராதவர்களுக்கும், இறுக்கம்தான் முறையீடு.

முதலில் டியூபைப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, பையில் சிறுநீர் இறங்குகிறதா, கலங்கி நாறுகிறதா? வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் சிறுநீர்த் தொற்று வரும். அப்புறம், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? புரட்டிப்போட்டு இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கால் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தால்கூடப் போதும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எது கண்ணில் பட்டாலும், படாவிட்டாலும், இன்றே டாக்டரிடம் காட்டிச் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை யார் இரட்டிப்பாக்கச் சொன்னது? கூட்டினால் அப்பத்தா நாள் முழுக்கத் தூங்கிவழிவார். காரணம் உள்ளே அப்படியே இருக்கும். பயந்துபோய் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பே வரலாம்.

கொட்டாவிக்குக் கை தூக்குவது வாதம் வந்த பலருக்கும் உண்டு, விட்டுவிடுங்கள். தொய்வு வாரக்கணக்கில் விறைப்பாக மாறுவதும் வழக்கமானதுதான்.

தினமும் காலையில் முழங்கையை ஒருமுறை மெதுவாக நீட்டுங்கள், ஒருமுறை சற்று வேகமாக. வேகமாக நீட்டும்போது மட்டும் பிடித்தால் அது நரம்பு விறைப்பு. மெதுவாக நீட்டியும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தசையோ மூட்டோ சுருங்க ஆரம்பித்திருக்கலாம், பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். எவ்வளவு நீள்கிறது என்று காலண்டரில் குறித்துவைத்தால் என்றைக்கு மாறியது என்பது உங்களுக்கே தெரியும். கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்க மட்டும் வேண்டாம், தோள்மூட்டு இறங்கிவிடும்.