அப்பப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு

வெல்லாவெளி வயலில் பன்றி விரட்ட அப்பப்பா வைத்திருந்த துவக்கு எந்த ஊரில் செய்தது, என்ன விலை பெறும் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

முதலில் குழலை மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று பாருங்கள். அப்புறம் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்; குழலைச் சோதித்தவர்கள் அடித்த முத்திரை தெரியும். முட்டை வடிவ வளையத்துக்குள் ‘ஈ எல் ஜீ’ இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். கிரீடத்துக்குக் கீழே ‘பீ பீ’, ‘பீ வீ’ என்றால் 1904க்குப் பிந்திய இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். கூடவே ‘என் பீ’ இருந்தால் புகையற்ற வெடிமருந்துக்கும் சோதித்தது. பாய் பின்னினதுபோல வரி தெரிகிறதா? அது இரும்பும் உருக்கும் சேர்த்து முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், இன்றைய தோட்டா போட்டுச் சுடவே வேண்டாம். துருவை அரத்தாளால் தேய்க்காதீர்கள், முத்திரை அழிந்தால் விலையும் போய்விடும்.

சரி, அனுமதிப்பத்திரம் அப்பப்பாவின் பெயரில்தானே? விலை பேசுமுன் பொலிசுக்கும் மாவட்டக் கச்சேரிக்கும் அறிவியுங்கள்.