நூலன்பாயில் ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் இருக்கும் எங்கள் நூலன்பாய் ஊர் மருத்துவமனையில் உங்களுக்குத் தாதி வேலை கிடைத்திருப்பதாகவும், மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில் கணவரையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வரலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலை நேரம் போக மிச்சப் பொழுதை எப்படிக் கழிப்பது, படங்களில் வீட்டு வாசல்வரை கடல் தெரிகிறதே, பிள்ளையைக் குளிக்க விடலாமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். 2010ஆம் ஆண்டு அலுமினா ஆலையில் மின்பராமரிப்பு வேலைக்காக இங்கே வந்து, ஆலை மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கடல். குளிக்க விடாதீர்கள். நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரையில் பிறந்து, நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவன். அப்படிப்பட்ட எனக்கே வந்த முதல் மாதத்தில் மிகப் பெரிய துயரமாக இருந்தது இதுதான். உவர்நீர் முதலைகள் 1971 முதல் இந்தப் பிரதேசத்தில் பாதுகாக்கப்பட்டு வருவதால் பெருகியிருக்கின்றன. அவை ஆற்று முகத்தில் மட்டும் கிடப்பதில்லை, திறந்த கடலிலும் வெள்ளை மணற்கரையிலும் வரும். தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்பது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிப் பழக்குங்கள். அத்துடன் ஒக்ரோபர் தொடக்கத்திலிருந்து ஜூன் தொடக்கம்வரை பெட்டிச்சொறி எனப்படும் கொடிய சொறிமுட்டையின் காலம். அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வாகனத்தில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு போத்தல் வினாகிரி எப்போதும் இருக்கும். பட்ட இடத்தில் தேய்க்காமல் அரை நிமிடமாவது வினாகிரியை ஊற்ற வேண்டும் என்பதைத் தாதியான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் கணவருக்குச் சொல்லி வையுங்கள். குளிப்பதற்கு ஊருக்குள் நீச்சல் குளம் இருக்கிறது. ஊருக்கு வெளியே கிடி ஆறு, லாட்ரம் ஆறு போன்ற நன்னீர் ஓடைகளில் மக்கள் குளிக்கிறார்கள். மழைக்குப் பின் வெள்ளத்தோடு முதலை மேலே ஏறியிருக்கக்கூடும் என்பதால், அங்கே வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து, ஊர்க்காரரைக் கேட்டு, அதன் பிறகே இறங்க வேண்டும்.

ஊர் எவ்வளவு தொலைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டார்வினிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தரைவழி என்றால் கதரினுக்குத் தெற்கே திரும்பி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் செம்மண் பாதை, அதற்கும் போக்குவரத்து அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் ஆறுகள் மறித்துவிடும். மக்கள்தொகை மூவாயிரத்தைச் சற்றே தாண்டும். ஒரு பெரிய பலசரக்குக் கடை, ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, நூலகம், கோல்ஃப் மைதானம், மாலையில் சூரியன் விழுவதைப் பார்க்க வசதியான படகுக் கழகம், இவ்வளவும் உண்டு. மரக்கறி பார்ஜ் எனப்படும் சரக்குப் படகில் வருகிறது. அது தாமதித்தால் அந்த வாரம் தக்காளி இராது. பருப்பு, அரிசி, மிளகாய்த்தூள் முதலியவற்றை டார்வினில் மொத்தமாக வாங்கி பார்ஜில் போட்டுவிடுங்கள். முருங்கை, பயற்றங்காய், பப்பாசி எல்லாம் வீட்டு வளவில் தாராளமாகக் காய்க்கும்.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். இங்கே பொழுதுபோக்கு என்பது அனுமதி கேட்பதில் தொடங்குகிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் நீங்கள் நிற்பது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களின் நிலம். யோல்ங்கு என்ற சொல்லுக்கே மனிதர் என்றுதான் பொருள். கடற்கரைகளும் ஓடைகளும் முகாமிடும் இடங்களும் அந்த மக்களின் டிமுர்ரு என்ற அமைப்பின் பராமரிப்பில் இருக்கின்றன. 1992இல் அவர்களே தொடங்கியது அது. வந்த முதல் வாரத்திலேயே அங்கே போய்க் குடும்பத்துக்கு அனுமதிச்சீட்டு எடுங்கள். கேப் ஆர்னம் போன்ற சில இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும், ஒரே நேரத்தில் சில வாகனங்களுக்கு மேல் விடமாட்டார்கள். ஒரு சாவு நேர்ந்தால், அல்லது சடங்கு நடந்தால், ஒரு கடற்கரை முழுவதும் வாரக்கணக்கில் மூடப்படலாம். அப்போது ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். சாராயத்துக்கும் தனி அனுமதிச்சீட்டு உண்டு.

முதல் ஆண்டில் எனக்கு இது விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமலே மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பாதையில் இறங்கினேன். மணலில் வாகனம் அச்சுவரை புதைந்துவிட்டது. சக்கரத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது, தொலைபேசிக்கும் அங்கே தொடர்பு கிடைக்கவில்லை, வற்று முடிந்து நீர் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த வழியாக வந்த யோல்ங்கு ரேஞ்சர் ஒருவர் எதுவும் பேசாமல் நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கி, பலகை கொடுத்து, வாகனத்தை வெளியே எடுத்தார். அதன் பிறகுதான் அனுமதிச்சீட்டைக் கேட்டார். இல்லை என்றதும் அவர் கோபப்படவில்லை. இது தன் தாய்வழி நிலம் என்றும், இங்கே வருகிற எவருக்கு எது நடந்தாலும் அந்தப் பொறுப்பு தன் குடும்பத்தின் மேல் விழும் என்றும், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் மெதுவாகச் சொன்னார். 1990இல் போரினால் ஒரே இரவில் வீட்டை விட்டு வெளியேறி, மயிலிட்டித் துறை 2017இல் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்படும்வரை அந்தக் கரையில் கால் வைக்க முடியாமல் இருந்தவன் நான். எங்கள் துறையில் கேட்காமல் நடந்தவர்களைப் பற்றி எனக்கு இருந்த மனக்காயத்தோடு, நானே இன்னொருவர் துறையில் கேட்காமல் நின்றேன் என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த மக்கள் கேட்பதற்குக் காரணமும் வரலாறும் இருக்கின்றன. அலுமினியத் தாதுவான பொக்சைற் எடுக்கும் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து 1963இல் யிர்க்காலாவிலிருந்து மரப்பட்டையில் ஓவியத்தோடு விண்ணப்பம் எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். 1971இல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியின் பின்விளைவாகத்தான் 1976இன் நிலவுரிமைச் சட்டம் வந்தது. 2008இல் புளூ மட் பே வழக்கில், அவர்கள் நிலத்தை ஒட்டி ஏற்றவற்றுக்கு உட்படும் நீரும் அவர்கள் அனுமதிக்கு உட்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூலன்பாயிலிருந்து யிர்க்காலா வாகனத்தில் இருபது நிமிடம். அங்குள்ள கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய்ப் பட்டை ஓவியங்களின் முன்னே சற்று நேரம் நில்லுங்கள்.

கேட்டுப் போனால் இந்த நிலம் எவ்வளவு தரும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்த முதிய யோல்ங்கு பெண்மணி ஒருவர் ஒருநாள் ஒரு பை நிறையக் காய்ந்த நெற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்து, "ஜம்பங்" என்றார். ஓடு கையில் நொறுங்கியது. உள்ளே நரம்போடு பழுப்புச் சதை. புளி! இந்த ஆர்னம் கரையில் ஆங்காங்கே நிற்கும் பழம் புளியமரங்கள், இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் துறையிலிருந்து கடலட்டை எடுக்கப் பாய்க்கப்பலில் வந்தவர்கள் விட்டுச்சென்றவை. அவர்கள் பருவக்காற்றோடு வந்து, கரையில் அட்டையை அவித்துக் காயவைத்து, காற்றுத் திரும்பியதும் போனார்கள். 1907இல் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. யிர்க்காலாவுக்கு அப்பால் வுர்வுர்வுய் என்ற இடத்தில் அந்தக் கப்பல்களின் வடிவத்தை யோல்ங்கு மூதாதையர் தரையில் கற்களை அடுக்கி வரைந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள். அந்தத் தொடர்பு அவர்கள் மொழியிலும் தங்கியிருக்கிறது. பணத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "ருப்பியா". வெள்ளையரை "பலண்டா" என்பார்கள், அதாவது நாம் ஒல்லாந்தர் என்று சொல்லும் அதே ஆட்களின் பெயர்.

அந்தப் புளியைக் கரைத்து அன்று மனைவி கூழ் காய்ச்சினாள். ஒடியல் மா ஊரிலிருந்து வந்தது. நண்டும் மீனும் இந்தக் கடலில் எடுத்தவை. மரவள்ளியும் பயற்றங்காயும் வளவில் பிடுங்கியவை. அந்தப் பெண்மணியும் அவருடைய பேரப்பிள்ளைகளும் எங்களோடு இருந்து குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்: அதிகாலையில் புறப்பட்டு, கரையில் உயரமான ஓரிடத்தில் நின்று தூண்டில் போட்டு, வெயில் ஏறுமுன் மர நிழலுக்கு வந்து சமைப்பது. இங்கே எல்லோரும் பரமண்டி என்று கொண்டாடும் மீன் வேறு ஒன்றுமல்ல, நம்முடைய கொடுவாதான். 55 சென்ரிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது. அது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன் என்பதால் பெரியவை எல்லாம் முட்டையிடும் பெண்கள். சட்டம் விட்டாலும் நான் அவற்றைத் திருப்பி விட்டுவிடுகிறேன். நண்டும் பாரையும் செப்பிலியும் போதுமான அளவு உண்டு. மீனைக் கழுவிய நீரையும் செதிலையும் கரையில் கொட்டாதீர்கள், முதலை அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும்.

மழைக்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் ஊரை விட்டு ஓடுவது அதற்கு முந்திய ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில்தான். மழை வராமல் புழுங்கும் அந்த வாரங்களில் மனிதர்களுக்கிடையே வீண் சண்டை வரும், உறக்கம் கெடும். மழை தொடங்கினால் மனம் தெளியும். நமக்கு இருப்பதுபோல் யோல்ங்கு மக்களுக்கும் ஆண்டுக்கு ஆறு பருவம். எந்தப் பூ பூத்தால் எந்த உணவு பக்குவம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினால், ஒரே வெயில், ஒரே மழை என்ற சலிப்பு வராது. 2015இல் லாம், நேதன் என்ற இரண்டு சூறாவளிகள் ஒரு மாத இடைவெளியில் இந்தப் பக்கம் தாக்கின, ஆகவே நவம்பருக்கு முன் தண்ணீர், மின்கலவிளக்கு, உலர் உணவு சேர்த்து வையுங்கள். ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருந்ததால் சொல்கிறேன்: மழை மாதங்களில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்க விடாதீர்கள், மண் கிளறும்போது கையுறை போடச் சொல்லுங்கள்.

தனிமை இருக்கும். அதை மறைக்க மாட்டேன். 2014இல் ஆலை நின்றபோது எங்கள் தெருவில் வாரம் ஒரு வீடாகக் காலியானது. மகனின் வகுப்பில் மேசைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. சுரங்கமும் இந்தப் பத்தாண்டின் இறுதியை ஒட்டி முடிவுக்கு வரும் என்பதால் இங்கே வருகிறவர்கள் போகிறவர்களாகவே இருப்பார்கள். கோயிலுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் டார்வின் போக வேண்டும். ஆனால் மருத்துவமனை சுரங்கத்துக்காக மட்டும் இருப்பதல்ல, உங்கள் வேலை பெரும்பாலும் யோல்ங்கு மக்களுக்கானது. அவர்கள் உறவுமுறை நம்முடையதைப் போலவே நுட்பமானது. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத வழக்கத்தையும், இறந்தவர் பெயரைச் சொல்லாத வழக்கத்தையும் வார்டில் முதல் நாளே காண்பீர்கள். காலப்போக்கில் யாராவது உங்களைத் தங்கையாகவோ மகளாகவோ ஏற்று உறவு வைத்து அழைப்பார்கள். அழைத்தால், அந்த உறவுக்குரிய கடமையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு மே மாதத்தைக் கேளுங்கள். வெயில் தணிந்து, பாதை திறக்கத் தொடங்கி, இரவில் போர்வை தேடும் காலம் அது. நான்கு சக்கர விசை உள்ள பழைய வாகனம் ஒன்றை டார்வினில் வாங்கி பார்ஜில் ஏற்றுங்கள். இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள், எருமை நடுப்பாதையில் நிற்கும். வரும் நாளை எழுதினால் விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். அனுமதிச்சீட்டு எடுத்தபின் வரும் முதல் ஞாயிறு, கூழ் எங்கள் பொறுப்பு.