வீட்டுக்குள் விளக்கொளியில் வளரும் மிளகாய்ச் செடிக்கு வலை கட்டினால் காய்ப்பு கூடுமா?

கூடும். நான்கு வருஷமாக நான் இப்படித்தான் வளர்க்கிறேன். செடி விளக்கை எட்டிப் பிடிக்கிற மாதிரி நீண்டு உச்சியில் மட்டும் காய்க்கிறது, கீழ்க்கிளைகள் வெளிறிப் பூவை உதிர்க்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் செடியும் அப்படியேதான் நின்றது.

சூரியன் வெகுதொலைவில் இருப்பதால் செடியின் உச்சிக்கும் அடிக்கும் வெயிலின் வலு ஒன்றுதான். விளக்கு அப்படியில்லை. சின்ன பல்பாக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானதுமே வெளிச்சம் கால்பங்காகிவிடும். அகலமான எல்இடி பலகையில் இவ்வளவு வேகமாகக் குறையாது, ஆனாலும் குறையும். மேலிலைகளின் நிழல் வேறு. ஆகவே காய்ப்புக்குப் போதுமான வெளிச்சம் விளக்கின் கீழ் ஒரு மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. எல்லா நுனிகளையும் அந்த அடுக்குக்குள் நிறுத்தி வைக்கத்தான் செடிக்கு மேல் படுக்கையாகக் கட்டும் இந்த வலை.

கிளையைப் படுக்கவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உச்சிக் கொழுந்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே கீழிறங்கி, பக்கக் கணுக்களில் இருக்கும் மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினாலோ கிளையைச் சாய்த்தாலோ அந்தப் பிடி தளரும். படுத்த கிளையில் கணுவுக்குக் கணு துளிர் நிமிர்ந்து வருவதைப் பார்த்தால் நீங்களே நம்புவீர்கள்.

ஏழெட்டு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் செடியைத் தொடாமல் விடுங்கள். தொட்டி விளிம்பிலிருந்து 20–25 செ.மீ. உயரத்தில் வலை. கண் 5 முதல் 10 செ.மீ. வரை இருக்கலாம். சன்னமான நைலான் வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். சணல் கயிறு நல்லது. நுனி வலைக்கு மேல் ஐந்து செ.மீ. எழுந்ததும் கீழே இழுத்து, வெளிப்பக்கமாக அடுத்த கண்ணில் நுழைத்துவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று நாளைக்கொரு முறை.

வளைக்கும் நேரத்தில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கிளையை இழுத்தேன். நீர் ஏறித் தண்டு விறைப்பாக நின்ற நேரம் அது. ‘டப்’பென்று கிளை பிரியும் கவையில் பிளந்து, பச்சைத் தோல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பிளவைச் சேர்த்துப் பிடித்து டேப் சுற்றினேன். இரண்டு வாரத்தில் அந்த இடம் முடிச்சு மாதிரி தடித்து, அந்தக் கிளையும் காய்த்தது. அதற்குப் பிறகு எப்போதும் அடுத்த தண்ணீருக்குச் சற்று முன், மண் காய்ந்து தண்டு துவளும்போதுதான் வளைக்கிறேன். இடக்கையால் கவையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களுக்கு நடுவே கிளையை லேசாக நீவி நீவி வளையுங்கள். விரலுக்கு எதிர்ப்பு தெரிந்தால் அன்றைக்கு அது போதும். மிளகாய்க்குக் கவைதான் பலவீனம். தக்காளி இவ்வளவு எளிதில் முறியாது. ஆனால் தக்காளியில் நீண்டு போகும் ரகத்துக்குத்தான் வலை, புதர் ரகத்துக்குத் தேவையே இல்லை.

வலை முக்கால் பங்கு நிரம்பியதும் நுழைப்பதை நிறுத்திவிடுங்கள், மீதி இடத்தைச் செடியே மூடிக்கொள்ளும். மிளகாய் பூப்பதற்குப் பகல் நீளத்தைப் பார்க்காது, வயது வந்தால் பூத்துவிடும். அதனால் வலை நிரம்பும் வரை வருகிற பூக்களைக் கிள்ளி எறிய வேண்டும். மனசு வராது. எனக்கு இன்னமும் வராது. ஆனால் அந்தச் சில வாரம் பொறுத்தவர்களுக்குத்தான் வலையின் பலன் முழுசாகக் கிடைக்கும்.

வலைக்குக் கீழே நிழலில் கிடக்கும் குச்சிகளையும் இலைகளையும் கழித்துவிடுங்கள், ஒரே நாளில் மொட்டையடிக்காமல் இரண்டு மூன்று தவணையாக. அடியில் காற்று ஓட ஒரு சின்ன ஃபேன் வேண்டும். அடர்ந்த இலைக்குள் புழுக்கம் தங்கினால் சாம்பல் நோய் வரும். சிலந்திப் பேன் வந்தாலும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பூத்த பிறகு தினமும் ஒருமுறை வலையை விரலால் தட்டுங்கள். எல்லாப் பூவும் சேர்ந்து ஆடி மகரந்தம் உதிரும். காற்றும் தேனீயும் செய்கிற வேலை அது.

ஒரு எச்சரிக்கை. கிளைகள் பின்னிக்கொண்ட பிறகு தொட்டியைத் தனியே நகர்த்த முடியாது. அதனால் சுவரில் ஆணியடித்து வலை கட்டாமல், தொட்டி விளிம்பிலேயே நான்கு குச்சி நட்டு அதில் கட்டுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு வலை. நீங்கள் திருப்பலாம், கழுவலாம், நோய் வந்தால் ஒதுக்கி வைக்கலாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் செடியின் தண்டு பென்சில் கனத்துக்கு மரமாகிவிட்டிருந்தால் அதை வளைக்கப் போகாதீர்கள். முதல் கவைக்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு விட்டுக் கவாத்து செய்யுங்கள். அங்கிருந்து வரும் இளந்துளிரை வலைக்குள் விட்டால் போதும்.