காலையில் பேசும் போர்டு மத்தியானம் ஏன் உளறுகிறது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் போகும் தொட்டியின் அளவைப் பார்க்க, ஏடிமெகா328பி சிப்பை வைத்து 5 வோல்ட்டில் ஓடும் ஒரு போர்டைத் தானே செய்திருக்கிறார். சிப்புக்கு வெளியிலிருந்து துல்லியமான துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டல் போடவில்லை, சிப்புக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமே போதும் என்று விட்டுவிட்டார். ஆர்டுயினோவில் எழுதிய புரோகிராம், லேப்டாப்புக்கு அனுப்பும் வேகம் நொடிக்கு 57600 பிட் (பிட் என்றால் ஒரு பூஜ்யம் அல்லது ஒரு ஒன்று). வீட்டு மேசையில் ராத்திரி எண்கள் ஒழுங்காக வருகின்றன, காலையில் பம்ப் கொட்டகையிலும் வருகின்றன, மத்தியானம் தகரக் கூரை காய்ந்ததும் லேப்டாப் திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டுகிறது. கேபிளை இரண்டு தடவை மாற்றியாயிற்று, யூஎஸ்பி கன்வெர்ட்டரும் புதிது. "இனி எதை மாற்றுவது அண்ணே?"

தம்பி, கேபிளை விடுங்கள். 'மத்தியானம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. டிஎக்ஸ் (அனுப்பும் கால்), ஆர்எக்ஸ் (வாங்கும் கால்) மாறியிருந்தால் ராத்திரியும் ஒன்றும் வந்திருக்காது. சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும் மோசமான சால்டர் என்றால் பெரும்பாலும் எழுத்து வராமல் நின்றுபோகும், இப்படி வேறு எழுத்தாக மாறி வராது. சந்தேகம் தீர வேண்டுமானால் கன்வெர்ட்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு டைப் அடியுங்கள், அடித்தது அப்படியே திரும்பி வந்தால் லேப்டாப் பக்கம் சுத்தம். கிரவுண்டு வயரையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். இப்படி பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வயரில் அனுப்பும் சீரியல் முறையில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. பெரட்டு மணி அடித்ததும் இரண்டு பேர் தனித்தனியாக மனசுக்குள் எண்ணத் தொடங்குகிற மாதிரிதான்: தொடக்க பிட் வந்ததும் லேப்டாப் பக்கம் தன் கணக்குப்படி எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. ஒரு எழுத்துக்கு 10 பிட். கடைசி பிட்டுக்கு வரும்போது அரை பிட் தள்ளிப்போயிருந்தால் பக்கத்து பிட்டைப் படித்துவிடும். கணக்குப் போட்டால் 5 சதவீதத்தில் கை நழுவும், நடைமுறையில் 3, 4 என்றாலே தகராறுதான்.

உங்கள் போர்டில் இது எங்கே செலவாகிறது பாருங்கள். 8 மெகாஹெர்ட்ஸிலிருந்து 57600 சரியாக வகுபடாது. முதலில் 8-ஆல் வகுத்தபின், 17.36-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் சிப் 17-ஆல் வகுக்கிறது, கிடைப்பது 58824. ஆக, கடிகாரம் துல்லியமாக இருந்தாலே 2.1 சதவீதம் வேகம் கூட. அதற்கு மேல், உள் கடிகாரத்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமே 10 சதவீதம் முன்னே பின்னே, அதுவும் 25 டிகிரியில். சூடும் வோல்ட்டும் மாறினால் அதுவும் நகரும். உங்கள் சிப் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது, வெயில் ஒரு தட்டுத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

'வேகத்தைக் குறைத்துப் பார்' என்று எல்லோரும் சொல்வார்கள். கம்பி நீளம், இரைச்சல் என்றால் அது சரி. கடிகாரம் தப்பென்றால் 3 சதவீதம் 9600-லும் 3 சதவீதம்தான். ஆனாலும் 9600-க்கு மாற்றுங்கள். அது 8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய சரியாக வகுபடும், அந்த 2.1 போய்விடும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல 57600 எதற்கு?

இதை வீட்டிலேயே நிரூபிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வை 9600-ல் இடைவெளியே இல்லாமல் அனுப்புங்கள். அந்த எழுத்தில் பூஜ்யமும் ஒன்றும் மாறி மாறி வருவதால் டிஎக்ஸ் கால், அதாவது 3-ஆம் கால், சீரான சதுர அலையாக ஆடும். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸுக்குத் திருப்பி அங்கே வையுங்கள். 4808 வர வேண்டும், 48 கூடினாலும் குறைந்தாலும் ஒரு சதவீதம். அப்புறம் வீட்டில் இருக்கும் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டுங்கள். எண் நகர்வது கண்ணெதிரே தெரியும்.

நிரந்தர வழி கிரிஸ்டல். புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றி உள் கடிகாரத்தைத் திருத்தவும் முடியும், ஆனால் தகரக் கொட்டகையில் வைக்கப்போகிற போர்டுக்கு நான் அதைச் செய்யமாட்டேன். சில வெள்ளி செலவில் வேலை முடியும். 9, 10-ஆம் கால்களில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், எல்லாம் சிப்பை ஒட்டியே இருக்கட்டும். முதலில் கிரிஸ்டலை வையுங்கள், பிறகுதான் எந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று சிப்புக்குச் சொல்லும் ஃப்யூஸ் அமைப்பை மாற்ற வேண்டும். நானே ஒரு தடவை இதை மாற்றிச் செய்துவிட்டு, சிப்பில் எழுதும் புரோகிராமர் கருவிக்குப் பதிலே வராததால் சிப் செத்துவிட்டது என்று குப்பையில் போடப்போனேன். சாகவில்லை, கடிகாரம் இல்லாமல் நின்றிருந்தது.

கடைசியாக, கம்பைல் செய்யும்போது 16 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்ற மறந்தால் 9600 என்பது 19200 ஆகிவிடும், திரும்பவும் குப்பைதான். மாற்றியபின் அதே 'யூ' சோதனை. ஹேர் டிரையர் காட்டியும் 4808 அசையாமல் நின்றால் கொட்டகைக்குக் கொண்டுபோங்கள்.